கரையான் மண்கோடுகளை உடனே துடைக்காதீர்கள்

சுவரில் கரையான் மண்கோடு ஏறியிருந்தால் துடைப்பத்தால் தட்டிவிட்டு மண்ணெண்ணெய் தெளிப்பார்கள். மரவேலைக்குப் போகிற வீடுகளில் இதைத்தான் பார்க்கிறேன். வழியை அழித்துவிட்டு, "எங்கேருந்து வருதுன்னே தெரியலை ஆசாரி" என்றால் நான் எங்கே போய்த் தேட?

அந்த மண்கோடு அப்படியே இருக்கட்டும். நடுவில் ஓர் அங்குலம் மட்டும் பெயர்த்துப் பாருங்கள். நடமாட்டம் இருந்தால் பெரிய தலை சிப்பாய்கள் முதலில் உடைப்பில் வந்து நிற்கும். பின்னாலேயே வேலைக்காரக் கரையான்கள் எச்சிலில் குழைத்த மண்ணால் அடைக்கத் தொடங்கும். மறுநாள் ஓட்டை மூடியிருந்தால் வழி ஓடிக்கொண்டிருக்கிறது. மூடாவிட்டாலும் நம்பிவிடாதீர்கள், பக்கத்திலேயே வேறு வழி போட்டிருக்கும்.

வறண்ட காற்று கரையானுக்கு ஆகாது. அதனால்தான் இரை தேடி மண்ணுக்குள்ளேயே வந்து, தரையும் சுவரும் சேரும் கீறல், குழாய் ஓட்டை, சுவிட்சு பெட்டிக்குப் போகும் பைப் என்று மறைவாகவே ஏறும். ஈரம் இருக்கிற பக்கம் அதற்கு இன்னும் வசதி. என் முதல் சந்தேகம் எப்போதும் குளியலறையை ஒட்டிய கதவு நிலைதான். அடியிலிருந்து முழங்கால் உயரம் வரை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே பொத்தென்று கேட்கும்.

வெளியே சுற்றி வாருங்கள். சுவரில் சாய்த்த விறகு, மிச்சப்பட்ட சென்ட்ரிங் பலகை, தென்னை மட்டை எல்லாவற்றையும் தள்ளிப் போடுங்கள். செடி வைக்கிறேன் என்று பேஸ்மட்டத்துக்கு மேல் மண் கொட்டியிருந்தால் வெட்டி இறக்குங்கள். எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லையா? அட்டையை நனைத்துச் சுருட்டி, சுவரோர மண்ணில் அங்கங்கே பூந்தொட்டியைக் கவிழ்த்து அதற்குள் வையுங்கள். காயவிடாமல் ஓரிரு வாரம் பாருங்கள். எந்த அட்டையில் ஏறுகிறதோ அந்தப் பக்கத்தில் அதன் நடமாட்டம் உண்டு.

மருந்துக்காரரிடம் அந்த இடத்தைக் காட்டுங்கள். மண்ணெண்ணெய் கண்ணில் பட்டதை மட்டும் கொல்லும். இமிடாகுளோபிரிட், பிப்ரோனில் போன்ற கரையான் மருந்துகள் மெதுவாக வேலை செய்வதால், தொட்ட கரையான் கூட்டத்துக்கும் கொண்டுபோகும். தரையோரம் அடிக்கு ஒரு துளை போட்டு ஊற்றுவார்கள். கிணறு பக்கத்தில் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

மண்கோடே இல்லாமல் கசகசா போல உருண்டைகள் உதிர்ந்தால் அது வேறு இனம், காய்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருப்பது. அதற்குத் தரையில் மருந்து ஊற்றுவது காசுக்குக் கேடு. மரத்துக்குள் மருந்து ஏற்ற வேண்டும், இல்லை கட்டையை மாற்ற வேண்டும்.