வெப்பநிலையை உயர்த்தும் முன் ஆலைக் கருவிகளை வலுப்படுத்துவது எப்படி?

எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் ஒரு பிரிவை 300 டிகிரி செல்சியசிலிருந்து 400 டிகிரிக்கு உயர்த்த வேண்டுமெனில், கலனின் சுவர்க் கனத்தைக் கணக்கிட உட்காரும் முன், அந்தச் சுற்றின் ஃபிளேஞ்சுகளை, அதாவது குழாய்களையும் கலன்களையும் போல்ட் போட்டு இணைக்கும் வளையத் தகடுகளைப் பார்க்க வேண்டும். கிளாஸ் 150 என்ற அழுத்தத் தரத்திலுள்ள கார்பன் எஃகு ஃபிளேஞ்சுக்கு 300 டிகிரியில் 10.2 பார் அழுத்தம் வரை அனுமதி உண்டு. 400 டிகிரியிலோ 6.5 பார் மட்டுமே. கலன் தாங்கினாலும் இணைப்பு தாங்காது.

அடுத்தது கந்தகம். ஏறத்தாழ 260 டிகிரிக்கு மேல் எண்ணெயிலுள்ள கந்தகச் சேர்மங்கள் கார்பன் எஃகை அரிக்கத் தொடங்கும், சிலிக்கான் 0.10 சதவீதத்துக்கும் குறைவாக உள்ள குழாய்த் துண்டு மற்றவற்றைவிட விரைவாக மெலியும். கலிபோர்னியாவின் ரிச்மண்டில் 2012 ஆகஸ்டில் நேர்ந்த தீவிபத்துக்கு இத்தகைய ஒரு துண்டுதான் காரணம். ஆகவே குழாயில் ஓரிரு இடங்களில் கனம் அளந்துவிட்டு நிறைவு கொள்ளக் கூடாது. இரண்டு வெல்டிங்குகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும். மாற்ற வேண்டியவற்றுக்கு 5 அல்லது 9 சதவீதக் குரோமியம் கலந்த எஃகு பொருத்தமானது. அதற்கு வெல்டிங்குக்கு முன் சூடேற்றமும் பின்னர் வெப்பச் சீராக்கமும் கட்டாயம். நாள் நெருக்கடியைக் காட்டி இவற்றைக் குறைப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். ஹைட்ரஜன் ஓடும் குழாய்களுக்கு, எந்த எஃகு எந்த வெப்பநிலை, ஹைட்ரஜன் அழுத்தம் வரை தாங்கும் என்று காட்டும் நெல்சன் வரைபடத்தைத் தனியே பார்க்க வேண்டும்.

கடலூரில் இன்னொரு கவலையும் உண்டு. உப்பனாற்றங்கரையில், கடலுக்கு அருகிலுள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் பணியாற்றியவர்களுக்கு, உப்புக்காற்று எங்கெல்லாம் புகும் என்பது தெரியும். 304 வகைத் துருப்பிடிக்கா எஃகு, இன்சுலேஷனுக்கு அடியில் 60 முதல் 175 டிகிரி வரையில் குளோரைடால் விரிசல் காணும். 400 டிகிரியில் ஓடும் குழாயின் மேற்பரப்பு காய்ந்தே இருக்கும் என்றாலும், ஆலை நிற்கும்போதும், ஓட்டமில்லாத கிளைக்குழாய்களிலும் விரிசல் காணும் அந்த 60 முதல் 175 டிகிரி வெப்பநிலை வந்துவிடும். எனவே இன்சுலேஷனுக்கு முன் வெப்பம் தாங்கும் பூச்சுப் பூசி, தகட்டு உறையின் மூட்டுகளை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அடைத்துவிடுவது நல்லது.

இருபது மீட்டர் கார்பன் எஃகுக் குழாய், 300 டிகிரியிலிருந்து 400 டிகிரிக்குச் சூடேறினால் சுமார் 30 மில்லிமீட்டர் நீளும். துருப்பிடிக்கா எஃகு அதைவிட அதிகமாக நீளும். குளிர்ந்த நிலையில் தாங்கிகளின்மேல் பெயிண்ட் கோடு போட்டு வைத்து, சூடேறும்போது குழாய் கணக்கிட்டபடி நகர்கிறதா என்று கூடவே நடந்து பார்க்க வேண்டும். நகராமல் பிடித்துக்கொண்டுள்ள இடத்தை விடுவிக்கும் வரை வெப்பநிலையை மேலும் உயர்த்தக் கூடாது.