தேத்தண்ணியிலும் கஃபீன் இருக்கிறது: யாழ்ப்பாணத்து வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நான் கோப்பி குடிப்பதில்லை, அதனால் கஃபீன் பற்றிய கதை எனக்குத் தேவையில்லை" என்று எங்கள் ஊரில் பலர் நம்புகிறார்கள். முதல் தவறு இதுதான்; நித்திரையை விரட்டும் இந்தக் கஃபீன் தேயிலையிலும் உண்டு. விடிய எழும்பியதும் ஒரு தேத்தண்ணி, பத்து மணிக்கு ஒன்று, பின்னேரம் வடையோடு ஒன்று, வீட்டுக்கு ஆட்கள் வந்தால் அவர்களோடு இன்னொன்று. சாயத்தின் கடுமையைப் பொறுத்து ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் ஏறத்தாழ 30 முதல் 50 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். பால் விட்டால் நிறம் மாறும், கஃபீன் குறையாது. ஐந்து கோப்பை குடித்தால் 200 மில்லிகிராமைத் தொட்டுவிடலாம்.

இதைக் கேட்டுப் பயப்படத் தேவையில்லை. ஆரோக்கியமான வளர்ந்தவர்கள் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை எடுப்பதில் பாதகமில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2015இல் மதிப்பிட்டது. பெரும்பாலும் எங்களுக்கு அளவு பிரச்சினை இல்லை. யார் குடிக்கிறார்கள், எந்த நேரத்தில் குடிக்கிறார்கள் என்பதைப் பார்ப்பதில்லை, அதுதான் பிரச்சினை.

பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கான எல்லை 200 மில்லிகிராம்தான். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கஃபீன் உடலை விட்டு வெளியேறுவதும் மிகவும் மெதுவாகிவிடும். நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போய்ச் சேரும். இதைவிட அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. கிளினிக்கில் கொடுத்த இரும்புச்சத்துக் குளிசையை காலைத் தேத்தண்ணியோடு விழுங்கிவிடுவது. தேயிலையின் துவர்ப்புத் தரும் பொருட்கள் இரும்பைப் பிடித்துவைத்து, குடல் உறிஞ்சவிடாமல் செய்கின்றன. இங்கே குற்றம் கஃபீனுடையது அல்ல, ஆனால் இரண்டும் ஒரே கோப்பையில்தான் வருகின்றன. குளிசையைத் தண்ணீரோடு, முடிந்தால் தேசிக்காய்த் தண்ணீரோடு எடுங்கள். தேத்தண்ணிக்கு இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கீரையும் பருப்புமாகச் சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்கும் வழக்கத்துக்கும் இதே காரணம் பொருந்தும். இரத்தச்சோகை உள்ளவர்கள் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரமாவது பொறுத்திருப்பது நல்லது.

சின்னப் பிள்ளைகளுக்குப் பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்துக் கொடுப்பதும் அப்படித்தான். நாளொன்றுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்பது பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் எல்லை. 15 கிலோ பிள்ளைக்கு அது 45 மில்லிகிராம், கடும் சாயத்தில் ஒரு கோப்பையோடு முடிந்துவிடும். தடிமனுக்குக் கொடுக்கும் மல்லிக்கோப்பியையும் கவனியுங்கள். மல்லியும் சுக்கும் மட்டும் போட்டு அவித்தால் அதில் கஃபீன் கிடையாது. மல்லி, மிளகு சேர்த்து இடித்த கோப்பித்தூளில் கோப்பிக்கொட்டையும் இருப்பதால் அதில் கஃபீன் உண்டு.

உயர்தரச் சோதனை நெருங்கினால் வீடுகளில் இரவுக் கோப்பி தொடங்கிவிடும். இந்தத் தவறைத்தான் பெற்றோர் அன்போடு செய்கிறார்கள் என்பது எனக்குக் கவலை. மூளையில் களைப்பைச் சொல்லும் அடினோசின் என்ற பொருளின் இடத்தைக் கஃபீன் பிடித்துக்கொள்ளும். களைப்பு போகாது, தெரியாமல் மட்டும் போகும். குடித்ததில் பாதி குறைவதற்கே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் செல்லும். இரவு ஒன்பது மணிக் கோப்பியின் பாதி, விடியப்புறம் இரண்டு மணிக்கும் உடம்பில் நிற்கும். படுத்தாலும் ஆழ்ந்த நித்திரை குறைந்துபோகும், படித்தது மனதில் பதிவதும் அந்த நித்திரையில்தான். பிள்ளைக்கு விழித்திருக்க வேண்டுமென்றால் பத்து மணிக்குப் படுத்து, விடியக் காலையில் எழும்பட்டும். சரி, அந்த நேரத்தில் ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுங்கள். 250 மில்லிலீற்றர் ரின்னில் ஏறக்குறைய 80 மில்லிகிராம் கஃபீனும் நிறையச் சீனியும் உள்ள எனர்ஜி பானங்களைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கவே வேண்டாம்.

விரத காலத்துத் தலையிடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கந்தசட்டி விரதத்தின் முதல் நாள் பின்னேரமே தலை இடிக்கத் தொடங்கும், பித்தம் என்பார்கள், பசி என்பார்கள். பசியும் தண்ணீர் குடிக்காததும் காரணமாகலாம். ஆனால் தினமும் நாலைந்து தேத்தண்ணி குடித்துவிட்டு ஒரேயடியாக நிறுத்தினால், 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலையிடி வருவது கஃபீனின் குணம். கஃபீன் மூளையின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கும். அது நின்றதும் அவை விரிகின்றன. ஒன்று இரண்டு நாட்களில் உச்சத்துக்குப் போய், சிலருக்கு ஒரு கிழமை வரை நீளும். விரதத்துக்குப் பத்து நாள் முன்பே இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒவ்வொரு கோப்பையாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள், கடைசி நாட்களில் சாயத்தையும் இளக்குங்கள். அப்புறம், தலையிடிக்கு வாங்கும் குளிசையின் பெட்டியை வாசித்துப் பாருங்கள். பரசிற்றமோலோடு 65 மில்லிகிராம் கஃபீன் சேர்த்த குளிசைகளும் கடைகளில் உண்டு. அவற்றைப் போட்டால் நிறுத்திய கஃபீனையே திரும்ப எடுத்தவர்களாகிறோம்.

சீனியையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கோப்பைக்கு இரண்டு கரண்டி என்றால் ஐந்து கோப்பைக்குப் பத்துக் கரண்டி, ஏறத்தாழ 40 கிராம். சேர்க்கும் சீனியை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் வைத்திருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பனங்கட்டியும் சீனிதான், ஆனாலும் ஒரு சின்னத் துண்டைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடிப்பவர்களுக்குச் சீனி குறைவாகவே போகும்.

தைரொயிட்டுக்குத் தைரொக்சின் எடுப்பவர்கள் அதை வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுத்து, கோப்பிக்கோ தேத்தண்ணிக்கோ அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். உடனே குடித்தால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது, இரத்தப் பரிசோதனையில் அளவு ஏறி இறங்கும். நெஞ்சு படபடப்பு, கைநடுக்கம், நெஞ்செரிவு இருக்கிறவர்கள் வைத்தியரிடம் போகும்போது ஒரு நாளைக்கு எத்தனை தேத்தண்ணி என்பதையும் கேட்காமலே சொல்லுங்கள்.