பிள்ளைகளோடு ரமலான்: கிருஷ்ணகிரி, தருமபுரி வீடுகளுக்கு ஒரு செய்முறை

பருவமடையாத பிள்ளைகளுக்கு நோன்பு கடமையில்லை. அதனால் பசியைப் பழக்குவதற்கு முன் ஒரு வேலையைக் கொடுங்கள். கையில் வேலை இருக்கிற பிள்ளை, "நானும் நோன்பு வைக்கிறேன்" என்று தானாக வந்து நிற்கும்.

படி 1: ரமலான் பிறைக்கு முந்தைய வாரம் வேலையைப் பிரித்துக் கொடுங்கள்

நான்கைந்து வயதுக்காரர்கள் பேரீச்சம்பழத்தைக் கொட்டை நீக்கி, ஆளுக்கு மூன்று எண்ணி வைக்கட்டும். ஏழு வயதுக்கு மேல் புதினா, கொத்தமல்லி ஆயலாம். பெரிய பிள்ளைக்கு நோன்பு திறக்கும் நேரம் பார்க்கும் பொறுப்பு.

இந்தப் பொறுப்பில் ஒரு சிக்கல் உண்டு. நோன்பைத் திறப்பது சூரியன் மறைந்த பிறகுதான். சென்னை நம் ஊருக்குக் கிழக்கே இருப்பதால் அங்கே சூரியன் ஏறக்குறைய 8 நிமிடம் முந்தி மறைகிறது. டிவியில் சென்னை நேரத்துக்குப் பாங்கு (தொழுகை அழைப்பு) கேட்டதும் வாயில் தண்ணீர் ஊற்றினால், அன்றைய நோன்பு கடைசி நிமிடத்தில் கெட்டுவிடும். உள்ளூர் பள்ளிவாசல் தரும் நோன்பு அட்டவணையைச் சுவரில் ஒட்டி, பிள்ளையே அன்றைய கட்டத்தை வட்டமிடட்டும்.

படி 2: சஹர் (விடியலுக்கு முந்தைய சாப்பாடு)

பிள்ளையை எழுப்ப வேண்டுமானால் முந்தின இரவு 9 மணிக்குள் தூங்க வையுங்கள். தராவீஹ் என்னும் ரமலான் இரவுத் தொழுகை முடியும்வரை விழித்திருந்த பிள்ளை சஹரில் சாப்பிடாது, சாப்பாட்டுத் தட்டிலேயே தூங்கி விழும். இப்போது ரமலான் பிப்ரவரியை ஒட்டி வருகிறது. ஓசூர், தளி பக்கம் அதிகாலைக் குளிர் கடுமை. தண்ணீரை வெதுவெதுப்பாகக் கொடுத்தால்தான் குடிப்பார்கள்.

உணவுக்கு நம் ஊர்க் கேழ்வரகே போதும். களி பிடிக்காத பிள்ளைக்கு ராகி தோசை, ஒரு முட்டை, ஒரு வாழைப்பழம். ஊறுகாய், அப்பளம், சிப்ஸ் வேண்டாம். உப்பு தாகத்தை இழுத்து வரும்.

படி 3: அரை நோன்பு

ஏழெட்டு வயதில் சஹர் முதல் காலை 10 மணிவரை தொடங்கி, பழகியதும் லுஹர் (நண்பகல் தொழுகை) வரை நீட்டலாம். முழு நோன்பை விடுமுறை நாளில் வையுங்கள். தேர்வு நாளும் விளையாட்டு வகுப்பு உள்ள நாளும் வேண்டாம். தலைசுற்றல், வாந்தி, கடும் மஞ்சளில் சிறுநீர் என்றால் உடனே தண்ணீர் கொடுத்து முடித்துவிடுங்கள். சர்க்கரை நோய், வலிப்பு உள்ள பிள்ளைகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் எதுவும் கூடாது.

"அண்ணன் பத்து நோன்பு, நீ மூன்று" என்ற கணக்கு வீட்டுக்குள் நுழையவே கூடாது. ஒளிந்து தண்ணீர் குடிக்கும் பழக்கம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

படி 4: அஸருக்கு (பிற்பகல் தொழுகைக்கு) பின் நோன்புக் கஞ்சி

மாலை 4 மணிக்கு மேல்தான் பிள்ளைகள் சிணுங்குவார்கள். ஆஷூரா (முஹர்ரம் பத்தாம் நாள்) நோன்பில் உணவு கேட்டு அழுத பிள்ளைகளுக்கு நபித்தோழியர் கம்பளியில் பொம்மை செய்து கொடுத்துக் கவனத்தைத் திருப்பியதாக ஹதீஸ் (நபிமொழித் தொகுப்பில் செய்தி) உண்டு. நாம் கஞ்சி வேலையைக் கொடுக்கலாம்.

ஐந்து பேருக்கு: பச்சரிசி நொய் 1 டம்ளர், பாசிப்பருப்பு கால் டம்ளர், வெந்தயம் 1 டீஸ்பூன், பூண்டு 6 பல், சிறு துண்டு இஞ்சி, வெங்காயம், தக்காளி ஒவ்வொன்று, பட்டை, கிராம்பு, தண்ணீர் 7 டம்ளர், கெட்டித் தேங்காய்ப்பால் 1 டம்ளர்.

அளப்பதும் நொய்யில் கல் பார்ப்பதும் பிள்ளை வேலை, அடுப்பு உங்களுடையது. எண்ணெயில் பட்டை, கிராம்பு, வெங்காயம், இஞ்சி பூண்டு, தக்காளி வதக்கி, தேங்காய்ப்பால் தவிர மற்றவற்றைச் சேர்த்து 5 விசில். 5 லிட்டர் குக்கருக்குக் குறைந்தது வேண்டாம். பாதிக்கு மேல் நிரம்பினால் நுரை பொங்கி விசில் துளையை அடைக்கும். தேங்காய்ப்பாலை அடுப்பை அணைத்தபின் ஊற்றுங்கள், கொதித்தால் திரிந்துவிடும். ஆற ஆறக் கஞ்சி இறுகும் என்பதால் வெந்நீர் தயாராக இருக்கட்டும். கடைசியில் புதினா தூவுவது, ஆய்ந்த பிள்ளையின் உரிமை. பக்கத்து வீட்டுக்கு ஒரு தூக்கு அனுப்பும்போதும் பிள்ளையையே அனுப்புங்கள்.

படி 5: ஃபித்ரா (பெருநாளுக்கு முன் ஏழைகளுக்குத் தரும் தர்மம்)

தலைக்கு எவ்வளவு என்பதைப் பள்ளிவாசலில் அறிவிப்பார்கள். வீட்டில் இருக்கும் ஆட்களை எண்ணிப் பெருக்கச் சொல்லுங்கள். கைக்குழந்தையையும் சேர்த்து எண்ண வேண்டும், பெரும்பாலும் அதைத்தான் விட்டுவிடுவார்கள். பெருநாள் தொழுகைக்கு முன்பே உரியவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால், 27ஆம் நோன்புக்குள் தொகையை ஒரு உறையில் போட்டு, யாருக்கு என்று பிள்ளையையே எழுத வையுங்கள்.