அந்தமானில் ஸ்கூபா டைவ் அடிக்க வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஹேவ்லாக் தீவின் லைட்ஹவுஸ் பாறைப் பக்கம் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு கீழே இருந்தேன். மேலே வேறொரு படகிலிருந்து ஒரு பையன் இறங்கினான். இறங்கினான் என்பதைவிட விழுந்தான் என்றுதான் சொல்ல வேண்டும். கால் கீழே, தலை மேலே, இரண்டு கையும் தண்ணீரைத் துழாவ, நேராக எட்டு மீட்டர் ஆழத்து மணலில் வந்து நின்றான். கிளம்பிய மணல் புகையில் பக்கத்தில் இருந்த பாறையே மறைந்துபோனது. முதல் வருடம் நான் இறங்கியதும் அச்சு அசலாக இப்படித்தான். அன்றைக்கு என்னை நிறுத்தி, ‘ஏன் இப்படி விழுகிறாய் தெரியுமா’ என்று யாரும் கேட்கவில்லை.

மூச்சை அடக்காதே, ஜோடியை விட்டுப் போகாதே, பிரஷர் கேஜைப் பார் என்பதெல்லாம் முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அவற்றை இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை. சொல்லிக்கொடுக்காமல் விடுவதைத்தான் எழுதுகிறேன்.

அளவுக்கு மீறிய ஈயம்

நம் உடம்பும், போட்டுக்கொள்ளும் ரப்பர் உடையான வெட்சூட்டும் மிதக்கும். கீழே போக இடுப்பில் ஈயக்கட்டி கட்டிக்கொள்கிறோம். எத்தனை கிலோ கட்டுவது? பல படகுகளில் இது கண் பார்வையில் முடிவாகிறது. “சார் கொஞ்சம் உடம்பா இருக்கீங்க, எட்டு போட்டுக்கோங்க.” அவ்வளவுதான். கூட்டிப்போகிறவருக்கு இது வசதி. நான்கு பேரில் ஒருவர் இறங்க முடியாமல் மேலேயே மிதந்தால் மற்ற மூவரும் காத்திருக்க வேண்டும். இரண்டு கிலோ கூடப் போட்டுவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. நானும் அப்படிப் போட்டுவிட்டிருக்கிறேன். இப்போது அதை யார் செய்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

கூடுதல் ஈயத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். உங்களுக்குத் தேவை 4 கிலோ, கட்டியிருப்பது 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 மீட்டரில் மூழ்காமல் நிற்க, அந்த அதிகப்படி 4 கிலோவுக்கு ஈடாக பிசிடி என்னும் காற்றடைக்கும் ஜாக்கெட்டில் ஏறக்குறைய 4 லிட்டர் காற்றை அடைத்தாக வேண்டும். அங்கே அழுத்தம் ‘பார்’ என்ற அலகில் 2.8. பாறைச் சரிவில் மெதுவாக ஏறி 8 மீட்டருக்கு வருகிறீர்கள். அங்கே 1.8 பார். ஜாக்கெட்டில் இருந்த அதே காற்று விரிந்து 6 லிட்டரைத் தாண்டிவிடும். நீங்கள் ஒன்றும் செய்யாமலே உடம்பு மேலே போக ஆரம்பிக்கும். பதறிப்போய்க் காற்றை வெளியே விடுவீர்கள், கல்லாகக் கீழே போவீர்கள். திரும்ப அடைப்பீர்கள், திரும்ப ஏறுவீர்கள். இப்படி டைவ் முழுக்க ஏறி இறங்குகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். ‘எனக்கு எடை போதவில்லை, மேலே இழுக்கிறது’ என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். மறுநாள் இன்னும் ஒரு கிலோ கேட்டு வாங்குகிறார்கள்! எடை அதிகமானதால்தான் மேலே இழுத்தது என்று புரியவைக்க எனக்கு ஒரு தேநீர் நேரம் தேவைப்படுகிறது.

அடுத்தது காற்றுச் செலவு. இரண்டு சீசனுக்கு முன் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல நீச்சல்காரர், வேறு ஊரில் தடிமனான சூட் போட்டுப் பயிற்சி முடித்தவர். அங்கே கட்டிய 10 கிலோவையே இங்கேயும் கட்டிக்கொண்டார். இங்கே தண்ணீர் 28, 29 டிகிரி. போட்டிருந்ததோ அரைக்கை, அரைக்கால் வைத்த 3 மில்லிமீட்டர் சூட். இருபத்து இரண்டாவது நிமிடம் சிலிண்டரில் 50 பார் காட்டினார், அதாவது திரும்ப வேண்டிய அளவு. இடுப்பு பாரத்தில் கால் தொங்க, தொங்கும் காலை உதைத்து உதைத்தே முன்னால் போக, மூச்சு வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. பிற்பகல் டைவுக்கு அவருடைய பெல்டிலிருந்து 2 கிலோ கட்டி இரண்டைக் கழற்றினேன். ‘இறங்கவே மாட்டேன்’ என்றார். இறங்கினார். உடம்பு படுக்கை வாட்டில் வந்தது. நாற்பத்து ஐந்து நிமிடம் இருந்துவிட்டு வந்தோம்.

இத்தனையும் உங்கள் பணம், உங்கள் மூச்சு. என்னை உறுத்துவது வேறு.

என் முப்பது டைவ்கூட ஆகாத காலம். இடுப்பில் 9 கிலோ. ஒரு மான்கொம்புப் பவளத் திட்டின் மேலே நின்ற கோமாளி மீனைப் பார்க்கத் திரும்பினேன். தொங்கிக்கொண்டிருந்த வலது கால் ஃபின் (ரப்பர்த் துடுப்பு) பின்னால் எதிலோ பட்டது. தண்ணீருக்குள் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது. காதுக்குள்ளேயே யாரோ முறுக்கை உடைத்ததுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தால் கை நீளத்துக்கு ஒரு கிளை மணலில் கிடக்கிறது. வெளிப்பக்கம் பழுப்பு, முறிந்த இடம் சுண்ணாம்பு வெள்ளை. அதற்குள்ளிருந்த ஒரு பொடி நண்டு வெளியே வந்து, எங்கே போவது என்று தெரியாமல் முறிந்த முனையிலேயே சுற்றிச் சுற்றி வந்தது. நான் அதை எடுத்து ஒட்ட முடியாது. அடுத்த கிளைக்கும் போகாமல் அந்த நண்டு அங்கேயே சுற்றியது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

மான்கொம்பு வகை கொஞ்சம் வேகமாக வளரும், பரவாயில்லை என்பார்கள். உருண்டைப் பாறையாக இருக்கும் போரைட்டீஸ் பவளம் வருடத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அது கார் அளவுக்கு நின்றால் நம் கொள்ளுத் தாத்தா காலத்திலிருந்து அங்கே இருக்கிறது என்று பொருள். இந்தத் தீவுகளின் பாறைகள் ஏற்கெனவே பட்டது கொஞ்சமல்ல. 2004 நிலநடுக்கத்தில் வட அந்தமானில் கடலடித் தரையே உயர்ந்து, பவளத் திட்டுகள் வெயிலில் காய்ந்து செத்தன. 2010 கோடையில் தண்ணீர் சூடாகி, பல இடங்களில் பவளம் வெளுத்துப் போனது. அப்படித் தப்பிப் பிழைத்த ஒன்றை, தேவையே இல்லாத நாலு கிலோ ஈயத்தால் உடைப்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சரி, எவ்வளவுதான் கட்டுவது? இறங்குவதற்கு முன் படகுப் பக்கத்தில் தண்ணீரில் நிமிர்ந்து நில்லுங்கள். கால் அசையக் கூடாது. ஜாக்கெட்டில் உள்ள காற்று முழுவதையும் விடுங்கள். சாதாரண மூச்சு ஒன்றை இழுத்து ஒரு நொடி நிறுத்தினால் தண்ணீர் மட்டம் கண் அளவுக்கு வர வேண்டும். மூச்சை வெளியே விட்டால் மெதுவாக மூழ்க வேண்டும். சட்டென்று தலை மூழ்கினால் எடை அதிகம். சிலிண்டர் நிறைந்திருக்கும்போது இப்படிப் பார்த்தால் அதன் மேல் 2 கிலோ கூட்டிக்கொள்ளுங்கள். இங்கே எல்லாரும் தூக்குவது அலுமினிய சிலிண்டர். காற்று தீரத் தீர அது சுமார் 2 கிலோ எடை குறைந்து, கடைசியில் உங்களை மேலே இழுக்கும். முதல் நாள் சிலிண்டரை முடித்துக்கொண்டு வரும்போது, 50 பார் இருக்கையில் இன்னொரு முறை பாருங்கள். அதுதான் சரியான அளவு. இரண்டே நிமிட வேலை. படகில் அவசரப்படுத்தினால், ‘நான் எடை பார்த்துவிட்டு வருகிறேன்’ என்று சொல்லுங்கள். அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

நீச்சல் குளத்தில் பயிற்சி எடுத்தவர்கள் கவனிக்க: உப்புத் தண்ணீர் கூடுதலாகத் தூக்கும். குளத்து அளவோடு கடலுக்கு இரண்டு கிலோ கூடலாம். ஐந்து கூடாது.

எங்கள் தூத்துக்குடிப் பக்கம் அந்தக் காலத்தில் முத்துக் குளித்தவர்கள் கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்துத்தான் இறங்குவார்கள். தரையைத் தொட்டதும் காலை எடுத்துவிடுவார்கள். கல்லைக் கயிற்றோடு மேலே இழுத்துக்கொள்வார்கள், மனிதன் கல் இல்லாமல் சிப்பி பொறுக்குவான். பாரம் இறங்குவதற்கு மட்டும்தான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பெயரைக் கேட்டு இடம் கேட்பது

வந்து இறங்கியதும் ‘டிக்ஸன்ஸ் பினாக்கிள் போகலாமா, ஜானிஸ் கார்ஜ் போகலாமா’ என்று கேட்கிறார்கள். ஓப்பன் வாட்டர் என்னும் ஆரம்பநிலைச் சான்றிதழுக்கு எல்லை 18 மீட்டர். டிக்ஸன்ஸ் பினாக்கிளின் உச்சியே ஏறக்குறைய அந்த ஆழத்தில்தான் தொடங்குகிறது. உங்கள் எல்லை முடியும் இடத்தில் பார்க்க வேண்டியது ஆரம்பிக்கிறது. அங்கே போனால் ஒன்று எல்லையை மீறுவீர்கள், இல்லை உச்சியிலேயே சுற்றிவிட்டு வருவீர்கள். முதல் இரண்டு நாள் லைட்ஹவுஸ், அக்வேரியம் போன்ற இடங்களுக்குப் போங்கள். ஆழம் குறைவு, வெளிச்சம் அதிகம், காற்றும் நிறைய நேரம் வரும். சாயங்காலம் லயன்ஃபிஷ் வேட்டைக்குக் கிளம்புவதைப் பத்து மீட்டரில் பார்க்கலாம்.

அமாவாசை, பௌர்ணமி பார்க்காமல் தேதி குறிப்பது

டிக்கெட் விலையைப் பார்க்கிறவர்கள் நிலாவைப் பார்ப்பதில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இரண்டு மீட்டர் வரை வித்தியாசம் வரும். அவ்வளவு தண்ணீரும் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தீவுகளுக்கு நடுவே ஓடியாக வேண்டும். தனிப் பாறைகளில் நீரோட்டம் கொடியை அசைப்பதுபோல் ஆளை அசைக்கும். நம் வீட்டுக் காலண்டரில் நல்ல காரியத்துக்கு ஆகாது என்று தள்ளிவைக்கும் அஷ்டமி, நவமிதான் டைவுக்கு நல்ல நாட்கள். நீரோட்டம் தணிந்திருக்கும், தண்ணீரும் கலங்காது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை உள்ள அஷ்டமியாகப் பார்த்துத் தேதி போடுங்கள்.

சளியோடு இறங்குவது

மாத்திரை போட்டால் மூக்கு திறக்கும், உண்மைதான். கீழே இருக்கும்போது அதன் வேகம் குறைந்தால், ஏறும்போது காதுக்குள் விரியும் காற்று வெளியே வர வழி இருக்காது. இறங்கும்போது வலித்தால் திரும்பி மேலே வந்துவிடலாம். ஏறும்போது வலித்தால் எங்கே போவீர்கள்? சளி இருந்தால் அன்றைக்குக் கரையில் இருங்கள். சளி இல்லாதவர்களும் காது வலித்த பிறகு மூக்கைப் பிடித்து ஊத ஆரம்பிக்கக் கூடாது. தலை மூழ்கியதிலிருந்தே, ஒவ்வொரு மீட்டருக்கும் செய்யுங்கள்.

மருத்துவப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போடுவது

ஆஸ்துமா இருக்கிறது, போன வருடம் ஆபரேஷன் ஆனது என்று படகில் ஏறிய பிறகு மெதுவாகச் சொல்வார்கள். ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கி வாருங்கள். ஹேவ்லாக்கிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடல் தாண்டிப் போக வேண்டும்.

கேமரா

முதல் இருபது டைவுக்கு வேண்டாம்.

விமானம்

பல நாள் டைவ் அடித்திருந்தால் கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே குறைந்தது 18 மணி நேரம். 24 என்றால் இன்னும் நல்லது.

சங்கும் பவளமும் பையில்

செத்த பவளத் துண்டாக இருந்தாலும் எடுக்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் பவளம் இருக்கிறது. விமான நிலையத்தில் பையைத் திறந்து பார்ப்பார்கள்.

லாக் புக்கில் மீனை மட்டும் எழுதுவது

எந்த மீனைப் பார்த்தோம் என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். எத்தனை கிலோ கட்டினோம் என்ற கட்டம் காலியாக இருக்கும். சூட் எவ்வளவு தடிமன், எந்த சிலிண்டர், எத்தனை கிலோ, கடைசியில் ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கும்போது அசையாமல் நிற்க முடிந்ததா. இந்த நான்கும் ஒரே வரியில் அடங்கும். அடுத்த ஊரில், அடுத்த படகில் ஒருவர் உங்களை மேலும் கீழும் பார்த்து ‘எட்டு போட்டுக்கோங்க’ என்னும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டலாம். என் பழைய நோட்டில் அந்த மான்கொம்புப் பவளம் உடைந்த நாளுக்கு நேராக 9 என்று இருக்கிறது. அதற்கு மூன்று மாதம் கழித்து, அதே சூட்டுக்கு, அதே சிலிண்டருக்கு, 4.