உதகைக் குளிரில் மோட்டோ மாட் மாட்டும் முறை
2016-இல் வெளியான மோட்டோ இசட் கைப்பேசியின் பின்புறம், கீழ்ப்பகுதியில் உள்ள 16 பொன்னிறப் புள்ளிகள் வழியாகவே ஒலிபெருக்கி, புரொஜக்டர், கூடுதல் பேட்டரி போன்ற, ‘மோட்டோ மாட்’ எனப்படும் இணைப்புகளுடன் தொடர்பு ஏற்படுகிறது. காந்தம் பிடித்துக்கொள்வதால் கைப்பேசியை அணைக்காமலே அவற்றை மாற்றலாம்.

மார்கழிப் பனியில் தொட்டபெட்டாவிலிருந்து இறங்கி, கணப்பு எரியும் அறைக்குள் நுழைந்த உடனே இணைப்பை மாற்ற வேண்டாம்; குளிர்ந்த உலோகத்தின்மேல் கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஈரம் படியும். பையைத் திறக்காமல் அரைமணி நேரம் விட்டு, புள்ளிகளையும் இணைப்பின் ஊசிமுனைகளையும் உலர்ந்த பருத்தித் துணியால் மெல்லத் துடைத்து, கேமரா மேடு இணைப்பின் துளைக்குள் அமரும்படி வைத்தால் ‘டக்’கென்று ஒட்டிக்கொள்ளும். ஹேர் டிரையர் கூடவே கூடாது.

குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால், புரொஜக்டர் எவ்வளவு ஆசைகாட்டினாலும், மலைக்குப் பேட்டரி இணைப்பையே முதலில் எடுத்துவைக்க வேண்டும் என்பது என் கருத்து. உறைபனியில் கிடந்த பேட்டரியை, அது அறைச் சூட்டுக்கு வந்த பின்னரே சார்ஜ் செய்யவும்.