வெயில் காலத்தில் உடம்பைப் படுத்தும் தவறுகள்

சில வருடங்களுக்கு முன், கோடை தொடங்கிய வாரத்தில்தான் எனக்கு ஓட ஆரம்பிக்க வேண்டும் என்று தோன்றியது. முதல் நாள் அரை மணி நேரம், இரண்டாம் நாளும் அதே அளவு. மூன்றாம் நாள் பாதி வழியில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. கிடைத்த வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும், அப்படி நனைந்திருந்தது. அந்த வீட்டு அம்மா தண்ணீர் கொண்டுவந்து, பாதியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொன்னார். மீதியை என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை மெதுவாக ஊற்றினார். கால் மணி நேரம் கழித்துத்தான் எழுந்து நிற்க முடிந்தது.

ஓடியது தவறு என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. என் உடம்பு ஏற்கெனவே ஒரு பெரிய வேலையில் இறங்கியிருந்தது, அதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

உடம்பின் உள்வெப்பம் 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருந்தாக வேண்டும். வெளியே சூடு ஏற ஏற, இதயம் ரத்தத்தைத் தோல் பக்கம் அதிகமாக அனுப்புகிறது. தோல் வியர்க்கிறது. அந்த வியர்வை ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பம் வெளியேறும். ஆனால் ஆவியாக வேண்டும். புழுக்கமான நாளில் தாடையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுகிறதே, அந்த வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம். ஆக, நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இதயத்துக்குக் கூடுதல் வேலை நடக்கிறது. அப்போது ஓடினால் தோலும் ரத்தம் கேட்கும், தசையும் ரத்தம் கேட்கும்.

இதைப் புரிந்துகொண்டால், கோடையில் நாம் செய்யும் முதல் தவறு தெரிந்துவிடும். வழக்கத்தைவிடச் சீக்கிரம் களைப்பு வருவதைச் சோம்பல் என்று நினைத்து, நம்மையே திட்டிக்கொள்கிறோம். மத்தியானம் தலை சாய்க்கக் கூச்சப்படுகிறோம். வீட்டில் யாராவது படுத்தால் "இந்த நேரத்தில் என்ன தூக்கம்?" என்று கேட்டும் விடுகிறோம். அந்தக் களைப்பு உண்மையானது, உடம்பு வேலை செய்து வந்த களைப்பு. அதற்கு ஓய்வு கொடுங்கள். 20, 30 நிமிடக் குட்டித் தூக்கம் போதும். மூன்று மணிக்குள் எழுந்துவிட்டால் நல்லது. அதற்கு மேல் நீண்டால் எழுந்ததும் தலை கனக்கும், இரவுத் தூக்கமும் தள்ளிப்போகும்.

இரவில் நடக்கும் பிழைகள்

கோடையில் முதலில் கெடுவது தூக்கம்தான் என்பது என் அனுபவம். தூக்கம் வர, உடம்பின் உள்வெப்பம் சுமார் ஒரு டிகிரி இறங்க வேண்டும். அறை சூடாக இருந்தால் அது இறங்க மறுக்கிறது. உடனே நாம் என்ன செய்கிறோம்? படுக்கும் முன் ஜில்லென்ற தண்ணீரில் குளிக்கிறோம். அந்த நேரத்துக்குச் சுகமாக இருக்கும். ஆனால் குளிர்ந்த நீர் பட்டதும் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும், உள்ளே உள்ள சூடு வெளியே வரச் சிரமப்படும். படுப்பதற்கு ஒன்று, இரண்டு மணி நேரம் முன்னதாக, வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்துப் பாருங்கள். ரத்தம் தோலுக்கு வரும், சூடு தானாக வெளியேறும்.

பகல் முழுவதும் ஜன்னலைத் திறந்து வைத்து வெயிலை உள்ளே விட்டுவிட்டு, இரவில் அறை அனலாகக் கொதிக்கிறது என்று தவிப்பதும் நடக்கிறது. பகலில் திரையை இழுத்து மூடுங்கள், வெளியே காற்று குளிர்ந்தபின் திறந்துவிடுங்கள். ஃபேன் நல்ல துணை, ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. அறை வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் ஃபேன் போட வேண்டாம், அது உடம்பை இன்னும் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. அப்போது ஈரத் துணியும் குளிர்ச்சியான வேறு இடமும்தான் வழி.

உடற்பயிற்சியில் இரண்டு பக்கமும் தவறு உண்டு

என்னைப் போல ஒரே நாளில் பாய்வது ஒரு பக்கம். வெயிலுக்குப் பழக உடம்புக்கு ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். அந்த நாட்களில் ரத்தத்தின் நீரளவு கூடுகிறது, வியர்வை சீக்கிரம் தொடங்குகிறது, வியர்வையில் போகும் உப்பு குறைகிறது. அந்த அவகாசத்தைக் கொடுக்காமல் போனதால்தான் நான் மூன்றாம் நாளே உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் தொடங்கி, தினமும் சில நிமிடம் கூட்டியிருந்தால் தாங்கியிருக்கும். இரண்டு, மூன்று வாரம் ஏசியிலேயே இருந்தால் இந்தப் பழக்கம் கரைந்துபோகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அத்தனை நாள் குளிர்ச்சியான ஊரில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தாலும் மறுபடி முதலிலிருந்துதான்.

இன்னொரு பக்கம், "வெயில் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று மொத்தமாக விட்டுவிடுவது. பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலசைவு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதை ஜிம்மில்தான் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நீந்தலாம், செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், வீட்டுக்குள் பாட்டுப் போட்டுக் குழந்தைகளோடு ஆடலாம், பொழுது சாய்ந்தபின் பிடித்தவரோடு பேசிக்கொண்டே நடக்கலாம். பிடித்த விஷயமாக இருக்கட்டும். பிடிக்காததை வெயிலில் யாராலும் நாலு நாளைக்கு மேல் செய்ய முடியாது. பேசியபடியே செய்ய முடிகிறதா என்று பாருங்கள். வாக்கியத்துக்கு நடுவே மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைத்துவிடலாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நிறைய வியர்த்தால் கொழுப்பு கரையும் என்று நம்பி, தடித்த உடையைப் போட்டுக்கொண்டு வெயிலில் நடப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நடைக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் அரை கிலோ குறைந்திருக்கும், அது ஏறக்குறைய முழுக்கத் தண்ணீர். இரண்டு தம்ளர் குடித்ததும் முள் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

தண்ணீரும் உப்பும்

தாகம் எடுத்தால் குடிக்கலாம் என்று இருப்பது இளைஞர்களுக்குப் பெரும்பாலும் சரிதான். வயதானவர்களுக்கு அது போதாது, வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்கிவிடும். அம்மா, அப்பாவுக்கு "குடிச்சீங்களா?" என்று கேட்பதைவிட, கையில் தம்ளரைக் கொடுத்துவிடுவது மேல். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும், நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களும் எவ்வளவு குடிக்கலாம் என்று கோடைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறீர்கள். அடர் மஞ்சளென்றால் இன்னும் குடிக்க வேண்டும். அதற்காக மணிக்கணக்கில் வியர்த்துவிட்டு வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராக ஊற்றிக்கொள்வதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் குறைந்து குமட்டல், தலைவலி, குழப்பம் வரும். நீண்ட நேரம் வியர்த்திருந்தால் உப்புச் சேர்ந்த உணவோ ஓஆர்எஸ் கரைசலோ உதவும். ஓஆர்எஸ் பொடியை, உறையில் அச்சிட்டிருக்கும் அளவுத் தண்ணீரில், அப்படியே கரைக்க வேண்டும். ருசிக்காகச் சர்க்கரையைக் கூட்ட வேண்டாம். டீ, காபியை அளவாகக் குடிக்கலாம், அதுவும் தண்ணீர்க் கணக்கில் சேரும்.

பருவத்துக்கேற்ற சாப்பாடு

தர்ப்பூசணியில் நூற்றுக்கு 91 பங்குக்கு மேல் தண்ணீர், வெள்ளரிக்காயில் சுமார் 95 பங்கு. பருவத்தில் விளைவதே நாம் வேண்டுவதைத் தருகிறது. ஆனால் அந்தப் பழத்தை ஜூஸாக்கி, வடிகட்டி, சர்க்கரை போட்டால் நார்ச்சத்து போய்விடும். கடித்தே சாப்பிடுங்கள்.

பசி மந்தமாக இருக்கிறது என்று பகலெல்லாம் பழத்தை மட்டுமே சாப்பிட்டுவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு வயிறு முட்ட உண்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. செரிமானமே சூட்டை உண்டாக்கும் வேலை. தூங்குவதற்காக உடம்பு குளிர வேண்டிய நேரத்தில் அந்த வேலையைக் கொடுக்கிறோம். சிறு சிறு வேளைகளாகப் பிரித்து, இரவு உணவை முன்னதாகவே முடித்துவிடலாம்.

வெட்டிய பழம், சமைத்த உணவு எதையும் 32 டிகிரிக்கு மேலான வெப்பத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். தர்ப்பூசணியை வெட்டும் முன் தோலைக் கழுவுங்கள். தோலில் உள்ள கிருமி கத்தியோடு சதைக்குள் இறங்கும்.

எதைச் சாதாரணக் களைப்பு என்று விடக்கூடாது

தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் உடனே நிறுத்தி, நிழலுக்கு வந்து, ஆடையைத் தளர்த்தி, தண்ணீர் குடித்து, கைகளை நனைத்துக்கொள்ள வேண்டும். அன்று அந்த அம்மா எனக்குச் செய்தது அதுதான். ஆனால் ஒருவர் சம்பந்தமில்லாமல் பேசினால், தள்ளாடினால், மயங்கினால், அது வெப்பத் தாக்கு. அப்போது உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். வியர்வை நிற்கவில்லையே என்று ஏமாந்துவிடாதீர்கள், உழைக்கும்போது வரும் வெப்பத் தாக்கில் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கும். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும் வரை சும்மா நிற்காமல் உடம்பெங்கும் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும்.