ஜீப்பில இருக்கிற ஸ்னோர்க்கல வச்சிருக்கிறதா கழட்டுறதா? முதல்ல எயார் கிளீனர் பொக்ஸத் திறவுங்கோ

செகண்ட் ஹேண்ட்ல ஜீப்போ டபிள் கெப்போ வாங்கின ஆக்கள் என்னட்ட அடிக்கடி கேக்கிற கேள்வி இது. வாகனத்தோட ஸ்னோர்க்கலும் (எஞ்சினுக்குக் காத்தைக் கூரை உயரத்தில இருந்து எடுக்கிற வெளிக்குழாய்) சேர்ந்து வந்திட்டுது, கொழும்புக்குள்ள ஒபிசுக்குப் போய் வாறதுக்கு அது தேவையா, கழட்டினா மட்காட்டில ஓட்டை தெரியுமே, வச்சிருந்தா எஞ்சினுக்கு ஏதும் வருமா. 2020 மார்ச்சில இருந்து 2025 தொடக்கம் வரைக்கும் தனியார் வாகனம் இறக்கேலாம இருந்த நாடு எங்கட, அதால இங்க ஓடுற ஜீப்புகள் கனக்க மூண்டு நாலு கை மாறினதுகள், ஸ்னோர்க்கல எப்ப எந்த கராஜில பூட்டினது எண்டு விக்கிற ஆளுக்கே சில நேரம் தெரியாது. அதால எந்த முடிவும் எடுக்க முதல் பொனட்டத் திறந்து எயார் கிளீனர் பொக்ஸின்ர (எஞ்சினுக்குப் போற காத்தை வடிக்கிற ஃபில்டர் இருக்கிற பெட்டி) கிளிப்ப எடுத்து உள்ளுக்கு என்ன இருக்கெண்டு பாருங்கோ.

எனக்கு இது பட்டுத்தான் விளங்கினது. பழைய ஹைலக்ஸ் ஒண்டு வாங்கி ரெண்டு மாசம், கொட்டாவையால ஏறி காலிக்குப் போற ஹைவேல நல்ல மழை, 90 - 100ல போய்க்கொண்டிருந்த வாகனம் கொஞ்சம் கொஞ்சமா இழுவை குறைஞ்சு பின்னால கறுப்புப் புகை தள்ளத் தொடங்கிச்சு, டீசல் பம்ப் போட்டுது எண்டுதான் நினைச்சன். வெலிப்பன்னயில நிப்பாட்டி எயார் பொக்ஸத் திறந்தா அடியில ஒரு கோப்பை தண்ணி, ஃபில்டர் பேப்பர் நனைஞ்சு கூழ் மாதிரி. நடந்தது என்னெண்டா, கொம்பனியில இருந்து வரேக்க அந்தப் பொக்ஸுக்கு அடியில சின்ன ரப்பர் வால்வ் ஒண்டு இருக்கும், வாத்துச் சொண்டு மாதிரி, உள்ள வாற தண்ணியையும் தூசையும் கீழ விடுறதுக்கு. ஸ்னோர்க்கல் பூட்டின ஆள் ஆத்துத் தண்ணி கீழால ஏறிடும் எண்டு அதை சிலிக்கன் வச்சு அடைச்சிருக்கிறார். ஸ்னோர்க்கலின்ர தலையிலயும் மழைத்தண்ணி வழியிறதுக்கு விட்ட வெடிப்புகள் இருக்கும், அதுவும் பெயிண்ட்டும் ஊத்தையும் சேர்ந்து அடைஞ்சு போயிருந்திச்சு. முன்னுக்குப் பார்த்த தலை, 100ல ஓட்டம், மழை, பிறகு தண்ணி வேற எங்க போகும். கொழும்பு பஞ்சிகாவத்தை ஸ்பெயார் பாட்ஸ் கடையில ஒரு ரப்பர் வால்வ் வாங்கிப் போட்டு, தலையக் கழட்டிக் கழுவினதோட அந்தப் பிரச்சினை முடிஞ்சுது. உங்கட வாகனத்திலயும் முதல்ல இந்த ரெண்டையும் பாருங்கோ.

அடுத்தது காத்து உண்மையா ஸ்னோர்க்கலாலதான் போகுதா எண்டு பார்க்கிறது. இங்க நான் பார்த்த மலிவு ஸ்னோர்க்கல் கொஞ்சத்தில வெளியில குழாய் வடிவா நிக்கும், மட்காட்டுக்கு உள்ளுக்கு அது எயார் பொக்ஸின்ர வாயோட ஒழுங்கா சேர்ந்திருக்காது, சும்மா செருகி விட்டிருப்பினம், இல்லாட்டி நடுவில விரல் போற இடைவெளி இருக்கும். அது சோடினைக்குப் பூட்டினது. செக் பண்ணுறது லேசு: எஞ்சின் ஐடில்ல ஓடேக்க ஸ்னோர்க்கல் வாய ஒரு தடிச்ச ரப்பர் ஷீட்டாலயோ பலகைத் துண்டாலயோ முழுசா மூடுங்கோ, கையால மூட வேண்டாம், நல்லா உறிஞ்சும். மூட்டெல்லாம் இறுக்கமா இருந்தா ரெண்டு மூண்டு செக்கனில எஞ்சின் திணறி நிக்கப் பார்க்கும், உடன எடுத்திடுங்கோ. ஒண்டும் நடக்காத மாதிரி ஓடிக்கொண்டிருந்தா எங்கயோ கீழால காத்து எடுக்குது. கீழால காத்து போற இடத்தால தண்ணியும் போகும், அப்பிடியான ஸ்னோர்க்கல நம்பி ஆத்தில இறங்கிறதை விட ஸ்னோர்க்கலே இல்லாம கரையில நிக்கிறது எவ்வளவோ நல்லம்.

ஏன் இவ்வளவு பயப்பிடுத்திறன் எண்டா ஒரு சின்னக் கணக்கு இருக்கு. 3 லீட்டர் நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின் எண்டா ஒரு சிலிண்டர் 750 மில்லி. கம்ப்ரெஷன், அதாவது பிஸ்டன் காத்தை அமுக்கிற அளவு, 18க்கு 1 எண்டு எடுத்தா பிஸ்டன் மேல வந்து நிக்கேக்க மிஞ்சுற இடம் கிட்டத்தட்ட 44 மில்லிதான், மூண்டு மேசைக்கரண்டி தண்ணி. காத்து அமுங்கும், தண்ணி அமுங்காது. அதுக்கு மேல தண்ணி போனா பிஸ்டன் ஏற இடமில்லாம பிஸ்டனைத் தாங்குற கனெக்டிங் ரொட் வளையும், சில நேரம் புளொக்கையே உடைச்சுக்கொண்டு வெளியில வரும். அதே எஞ்சின் 2000 ஆர்பிஎம்ல டேர்போவக் கணக்கில எடுக்காமலே நிமிசத்துக்கு 3000 லீட்டர் காத்து இழுக்கும், அந்த இழுவையில ஒரு சின்ன வெடிப்புப் போதும். பெற்றோல் எஞ்சினில கம்ப்ரெஷன் குறைவு, இடமும் கொஞ்சம் கூட, ஆனா இதே ஆபத்து இருக்கு. தண்ணிக்க எஞ்சின் நிண்டா திருப்பி ஸ்டார்ட் பண்ணவே கூடாது, இழுத்து வெளியில எடுத்து, டீசல் எண்டா க்ளோ ப்ளக்கையோ இன்ஜெக்டரையோ, பெற்றோல் எண்டா ஸ்பார்க் ப்ளக்கைக் கழட்டி, எஞ்சினைக் கையால சுத்தித் தண்ணி வருதா எண்டு பார்த்த பிறகுதான் சாவியில கை வைக்கோணும்.

இன்னொரு விசயம், ஸ்னோர்க்கல் இருந்தா எவ்வளவு ஆழமும் போகலாம் எண்டு நினைக்கிறது பிழை. ஃபோர்ட் ரேஞ்சர் 4 வீலுக்கு கொம்பனி சொல்ற ஆழம் 800 மி.மீ, ஹைலக்ஸுக்கு 700, எயார் சஸ்பென்ஷன் உள்ள புது டிஃபெண்டருக்கு 900, இது எல்லாம் ஸ்னோர்க்கல் இல்லாமலே. பழைய டிஃபெண்டருக்கு 500தான். காத்து மேலால வந்தாலும் ஒல்டர்னேட்டர், ஈசியூ (எஞ்சின் கொம்பியூட்டர்), ஃபேன், கதவு ரப்பர் எல்லாம் பழைய உயரத்திலதானே இருக்கு. கூடுதலா ஆக்கள் கவனிக்காம விடுறது டிஃபரென்ஷலின்ர (அச்சில சில்லுகளுக்கு இழுவையைப் பிரிச்சுக் குடுக்கிற கியர் பெட்டி) பிரீதர், அதாவது காத்து வந்து போற சின்னத் துவாரம். ஓடிச் சூடான டிஃபரென்ஷல் குளிர் தண்ணிக்க இறங்கினவுடன உள்ளுக்கு இருக்கிற காத்து சுருங்கித் தண்ணிய உறிஞ்சும், பிறகு வடிச்சுப் பார்த்தா ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில வரும். பிரீதருக்கு ஒரு ஹோஸ் போட்டு எஞ்சின் ரூமுக்கு மேல கொண்டு போறது பெரிய செலவில்லாத வேலை, கியர் பொக்ஸுக்கும் 4 வீலுக்கு இழுவை குடுக்கிற ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கும் சேர்த்துச் செய்யுங்கோ. இதைச் செய்யாதவருக்கு ஸ்னோர்க்கல் வச்சிருந்து ஆத்தில இறங்க எந்த நியாயமும் இல்லை.

இனி நீங்க எங்க ஓடுறீங்க எண்டதுக்கு வருவம். கொழும்புக்குள்ள மழை வெள்ளத்துக்காக எண்டு வச்சிருக்கிறவை இருக்கினம். ஆமர் வீதிப் பக்கம் ஒரு மணித்தியாலம் மழை அடிச்சா தண்ணி நிக்கிறது எல்லாருக்கும் தெரியும், ஆனா அது பெரும்பாலும் டயர் அளவுத் தண்ணி, சாதாரண ஜீப்பின்ர எயார் இன்டேக் அதை விட மேலதான். 2016 மே மாசம் களனி கங்கை பெருகி கொலன்னாவ, வெல்லம்பிட்டியப் பக்கம் வீடுகள் மூழ்கின மாதிரியான வெள்ளம் எண்டா அதுக்குள்ள ஜீப்ப விடுறதே சரியில்லை, மூடியில்லாத கான் எங்க இருக்கெண்டு தெரியாது, நீங்க கிளப்பிற அலை பக்கத்து வீட்டுக்குள்ள போகும். எலுவன்குளம் சப்பாத்துப் பாலத்துக்கு மேலால கலா ஓயா பாயேக்கயும் அதேதான். ஓடுற தண்ணி 30 செ.மீ இருந்தா சின்னக் காரை இழுக்கும், 60 செ.மீக்கு ஜீப்பே போகும், ஸ்னோர்க்கல் வாகனத்தின்ர பாரத்தைக் கூட்டாது.

என்ர அபிப்பிராயத்தில இந்த நாட்டில ஸ்னோர்க்கல வச்சிருக்க நல்ல காரணம் தூசிதான். வில்பத்து, யால செம்மண் றோட்டில, அல்லது மன்னார்ப் பக்கம் கிரவல் றோட்டில நாலு வாகனம் வரிசையா போகேக்க பின்னுக்கு வாறவர் முன் வாகனத்தின்ர டயர் கிளப்பிற புழுதிக்க நேரா போறார், கூரை உயரத்தில காத்து அவ்வளவு ஊத்தை இல்லை. மட்காட்டுக்குள்ளால காத்து எடுக்கிற வாகனத்தில ரெண்டு நாள் சஃபாரி முடிய ஃபில்டரத் தட்டிப் பாருங்கோ, வித்தியாசம் தெரியும். அடிக்கடி இப்பிடிப் போறவர், நக்கிள்ஸ் மீமுரப் பக்கம் ஓடை கடக்கிறவர், மூட்டும் இறுக்கமா இருந்தா, வச்சிருங்கோ. ஸ்னோர்க்கலால பவர் கூடும், டீசல் மிச்சமாகும் எண்டு சொல்றதை நம்ப வேண்டாம், ஓடேக்க சத்தம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

வருசம் முழுக்க வெள்ளவத்தை - கோட்டை, எப்பவாவது ஏ9ஆல யாழ்ப்பாணம் எண்டு ஓடுறவர், அதோட மூட்டும் லீக், இல்லாட்டி சாரதிப் பக்கத்துத் தூணோட ஒட்டி நிண்டு வலது பக்கம் திரும்பேக்க மோட்டர் சைக்கிள மறைக்குது எண்டா கழட்டுறதுதான் சரி. ஆனா கழட்ட முதல் பழைய இன்டேக் குழாய் கையில இருக்கோணும். கனக்கப் பேர் அதை எறிஞ்சிருப்பினம். அது இல்லாம ஸ்னோர்க்கல மட்டும் கழட்டினா எயார் பொக்ஸ் எஞ்சின் ரூமின்ர சூட்டுக் காத்தையோ மட்காட்டுக்குள்ள டயர் அடிக்கிற சேத்தையோ இழுக்கும், அது முதல் இருந்ததை விட மோசம். பஞ்சிகாவத்தையில உங்கட மொடல் நம்பரச் சொல்லி அந்தக் குழாய் கிடைச்ச பிறகு கராஜுக்குப் போங்கோ. மட்காட்டு ஓட்டைக்கு டின்கரிங் செய்து பெயிண்ட் அடிக்கிறதா, ரீகண்டிஷன் மட்காட் ஒண்டு போடுறதா எண்டு ரெண்டுக்கும் விலை கேளுங்கோ, பழைய வாகனத்துக்கு நிறம் மங்கியிருக்கும், எப்பிடியும் பக்கத்துக் கதவு வரைக்கும் நிறம் பிடிக்க வேண்டி வரும். தூணில இருக்கிற போல்ட் ஓட்டையள மறக்காதீங்கோ, கடல்காத்தில அதுக்கால துரு இறங்கி உள்ளுக்குள்ளால தின்னும், வெட்டின எல்லா விளிம்பையும் சுத்தம் பண்ணி துருப்பிடிக்காத பிறைமர் அடிச்சுத்தான் மூடோணும். இன்சூரன்ஸ் காரருக்கும் பூட்டினாலும் கழட்டினாலும் எழுத்தில அறிவிச்சு விடுங்கோ.

வச்சிருக்கிறது எண்டு முடிவெடுத்தவை வாய்க்கு ஒரு மெல்லிய வலை போடுங்கோ, வருசத்துக்கு ரெண்டு தரம் கிளாம்ப் இறுக்கிப் பாருங்கோ. வெளிநாடு போய் ரெண்டு மூண்டு மாசம் நிப்பாட்டி வச்ச ஜீப் எண்டா ஸ்டார்ட் பண்ண முதல் தலையக் கழட்டி டோர்ச் அடிச்சுப் பார்க்கோணும், குழாய்க்குள்ள குளவி மண்கூடு கட்டியிருக்கும்.